இழுக்காமல்

சொலொலாகி மேட்டில்
எந்த வீட்டு மாடி எந்தப் படியில் முனகும் என்று
என் தோளுக்குத் தெரியும்.
முப்பத்தொரு வருஷம்
பியானோக்களை ஏற்றினேன், இறக்கினேன்.
கடைசியில் எனக்கே இறங்கிவிட்டது.

குடலிறக்கம் என்றார்கள்.
வலது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்கு ஓர் ஆள்.
படுத்தால் உள்ளே போய்விடுவான்,
இருமினால் எட்டிப் பார்ப்பான்.
வாடகை தராத குடித்தனக்காரன்
என்று பெயர் வைத்தான் தம்பி ஜும்பேர்.

இது அவனுடைய முதல் வருகை இல்லை.
தொண்ணூற்று மூன்று, திபிலிசியில் மின்சாரம் இல்லாத குளிர்காலம்.
ஜெனரேட்டர் வெளிச்சத்தில் ஒரு ராணுவ டாக்டர்
இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் பிடித்து இழுத்து
மாவு மூட்டையின் வாயைக் கட்டுவதுபோலத் தைத்தார்.
மூன்று மாதம் கூனி நடந்தேன்.
நிமிர்ந்தால் நூல் இழுக்கும்.
தும்மினால் உயிரே இழுக்கும்.
பின்னால் ஒருநாள்,
தையல் அப்படியே இருந்தது,
பக்கத்துச் சதை கிழிந்தது.

டாக்டர் லமாரா மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்
படம் போட்டுக் காட்டினார்.
"இந்தத் தடவை இழுக்கப் போவதில்லை.
ஓட்டைமேல் ஒரு வலை, தளர்வாக.
உங்கள் சதை அதில் தானாக ஏறிக்கொள்ளும்.
முற்றத்துத் திராட்சைக் கொடியை
யாராவது பிடித்தா பந்தலில் இழுக்கிறார்கள்?"

நான் நம்பவில்லை.
இழுக்காமல் எது நிற்கும்?
நான் சுமப்பதன் வயிற்றுக்குள் இருநூற்றுச் சொச்சம் கம்பிகள்.
எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பு
பதினெட்டு டன் என்பான் ட்யூனர் அவ்தாந்தில்.
தளர்ந்தால் அது பியானோ இல்லை, பீரோ.

சொன்னேன்.
பேனாவை மூடிக்கொண்டே,
"நீங்கள் பியானோ இல்லையே, ஓத்தாரி" என்றார்.

முதுகில் ஊசி.
இடுப்புக்குக் கீழே வேறு யாரோ படுத்திருந்தார்.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்
கத்தரிக்கோல் வலையை நறுக்கும் ஓசை,
ஜன்னலுக்குக் கொசுவலை வெட்டும்போது கேட்குமே, அதே.
நர்ஸ் ஒருத்தி தக்காளி விலையைப் பற்றிப் புலம்பினாள்.
"இருமுங்கள்."
இருமினேன்.
"ம்" என்றார் லமாரா. அவ்வளவுதான்.

சாயங்காலமே நடக்கவைத்தார்கள்.
கழிப்பறைக்குப் பதினாலு அடி.
இதைவிட உயரமான மாடியில் நான் ஏறியதில்லை.

அதற்குப் பிறகுதான் நிஜமான வைத்தியம்:
சும்மா இருப்பது.
ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது.
சந்தையில் சியாலா தர்பூசணியைத் தராசில் வைத்தாள். ஏழு.
அவளே தூக்கி வந்தாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.
கீழே எல்லாம் கத்தரிக்காய் நிறம்;
அதையும் சகஜம் என்றே போட்டிருந்தது சீட்டில்.
சிரிப்பு வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ள வேண்டும்.
ஜும்பேர் வரும் நாளில் இரண்டு தலையணை.

அழுகையைப் பற்றிச் சீட்டில் எதுவும் இல்லை.
ஒரு மத்தியானம், காரணம் ஒன்றும் இல்லாமல்,
அதற்கும் தலையணை தேவைப்பட்டது.

ஏழாவது வாரம். அசத்தியானி தெரு, நாலாம் மாடி.
வார் ஜும்பேரின் தோளில்,
கீழ்ப்பக்கம் கூலிக்கு வந்த பையன் பாத்தா.
முன்னால் நான், வெறுங்கையோடு:
இடது. இன்னும் இடது.
அடுத்த படி முனகும், பயப்படாதே.

திருப்பத்தில் பியானோ சாய்ந்தது.
உள்ளே எல்லாக் கம்பிகளும் ஒருசேர என்னவோ சொல்லி
அடங்க நேரம் பிடித்தது.
என் கை தானாக இடுப்புக்குப் போயிற்று.
தழும்புக்குக் கீழே உள்ளங்கை அளவு இடம்
இன்னும் மரத்துக் கிடக்கிறது.
தொட்டால், பக்கத்து வீட்டுக் கதவைத்
தட்டுகிற மாதிரி.

மேலே இறக்கி வைத்தார்கள்.
நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று
ஒரே ஒரு தடவை, முழுசாக,
இருமினேன்.

யாரும் எட்டிப் பார்க்கவில்லை.