ஒன்று புள்ளி ஏழு

பையர் அனுப்பிய துணி தபால்தலை அகலம்.
செங்கல் என்றால் செங்கல் இல்லை.
மழையில் நனைந்த ஓடு என்பேன் நான்;
மெயிலில் அதற்கு ஏதோ பழத்தின் பெயர்.
மெஷினுக்குள் வைத்தேன். மூன்று எண்களைத் துப்பியது:
வெளிச்சம் ஒன்று, சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று.

இதுவரை நாங்கள் சாயமேற்றிய
ஆயிரத்து நூற்று நாற்பது நிறங்களும்
மும்மூன்று எண்களாய்ப் பட்டியலில் கிடக்கின்றன.
எதில் ஆரம்பிப்பது?
பொங்கியண்ணன் இருந்தால் பார்த்ததும் சொல்வார்.
அவர் இப்போது பெருந்துறை சிப்காட்டில்,
வேறு கம்பெனி, ஆறாயிரம் கூடுதல்.

ஊத்துக்குளியிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில்
மூன்று வாரமாய் போனில் பைத்தான் படிக்கிறேன்.
ஃபார் தெரியும். இஃப் தெரியும்.
லிஸ்ட் வரைக்கும் வந்தாயிற்று.
போதும் என்றுதான் நினைத்தேன்.

ராத்திரி ஷிஃப்ட்.
‘குறைந்த தூரம் பூஜ்யம்’ என்று போட்டு ஆரம்பித்தேன்.
ஒவ்வொரு நிறமாய் வந்து நின்றது, அளந்தேன்.
பூஜ்யத்தைவிடப் பக்கத்தில் வர
ஒன்றாலும் முடியவில்லை.
ஒருவரையும் உள்ளே விடாத வாசலை
நானே கட்டிவிட்டு
யாரும் வரவில்லையே என்று காத்திருந்தேன்.

டீ வந்தது.
பூஜ்யத்தை அழித்துப் பத்து லட்சம் என்று மாற்றினேன்.
முதலில் வந்த வெள்ளையே ஜெயித்தது,
அதைத் தள்ளிவிட்டு ஒரு சந்தனம்,
சந்தனத்தைத் தள்ளி ஒரு காவி,
பிறகு என்னென்னவோ.
கடைசியில் திரையில் நின்றது 2.89.

யாருடையது?
தூரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு
ஆளை விட்டிருக்கிறேன்.
இத்தனை பேரில் ஒருவர் இவ்வளவு பக்கத்தில்;
யார் என்று மட்டும் தெரியாது.
(எனக்கு முன்பே ஒருமுறை இது நடந்திருக்கிறது,
அவிநாசித் தேர்க் கூட்டத்தில்.
அது இங்கே வேண்டாம்.)

இஃப்புக்குள்ளே நாலு இடம் தள்ளி
இன்னொரு வரி சேர்த்தேன்.
லாட் 612.
வெளிச்சத்தில் 1.2 கூடுதல்,
சிவப்பில் 0.8 குறைச்சல், மஞ்சளில் 0.9 குறைச்சல்.
வர்க்கமானதும் கூடுதல் குறைச்சல் பேதம் போய்விட்டது.
மூலம் எடுத்தால் ஒன்று புள்ளி ஏழு.
பையர் ஒத்துக்கொள்வது ஒன்று வரைக்கும்.

இருப்பதிலேயே கிட்டம் இதுதான்.
கிட்டம் என்றா சொல்ல முடியும்?
ப்ரோகிராம் பொய் சொல்லவில்லை.
நான் கேட்டது ‘இதில் யார்’ என்று.
‘போதுமா’ என்று கேட்கவே இல்லை.

ரஞ்சன் நாயக் 612-ஐ பீக்கரில் கலக்கினான்.
ஒடிசாவிலிருந்து வந்து நாலு வருஷம்;
அவன் தமிழுக்கு வயது அதே நாலு, ஊர் திருப்பூர்.
“ஏனுங்க்கா, இன்னுங் கொஞ்சம் செகப்புங்க.”
எண்ணும் அதைத்தான் சொன்னது.
அரைத்துளி சிவப்பு, மஞ்சள் அதைவிடத் துளி கூட.
இரண்டாவது பீக்கர் கெட்டது. மூன்றாவது பரவாயில்லை.
விடியும்போது ஐந்தாவதில் 0.6.

பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 1141.
நாளை எந்தத் துணி வந்தாலும்
இதுவும் வரிசையில் போய் நிற்கும்.

நொய்யல் பாலத்தில் பஸ் மெதுவானது.
கீழே ஓடிய தண்ணீர்
பட்டியலில் எதற்குக் கிட்டம் என்று
பார்க்கத் தோன்றியது.
போனில் சார்ஜ் இல்லை.