நீல மை

வியாழக்கிழமைகளில் நான் பேராசிரியர் இல்லை.
ஔலு பல்கலைக்கழக அடையாள அட்டையை
டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டுவிட்டு
ஒன்றரை மணி நேரம் பனியில் ஓட்டிப்போய்
புடாஸ்யார்வி சுகாதார நிலையத்தில்
மண்டியிடுகிறேன்.
நீரிழிவுக்கு முகம் காலில்.

ஆர்மாஸ் காலுறையைக் கழற்றினார்.
சாலைப் பனி தள்ளும் வண்டியை
முப்பது குளிர்காலம் ஓட்டியவர்.
நைலான் இழையைக் கையில் எடுத்தேன்.
"தெரிகிறதா?"
"தெரிகிறது" என்றார்,
நான் தொடுவதற்கு முன்பே.

பிறகு நோட்டு.
காலை 5.8. மாலை 6.1. காலை 5.9.
மூன்று மாதத்துக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு,
ஒரே மூச்சில் ஓடிய அழகான நீலம்.
நேற்றிரவு சமையலறை மேசையில்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதியிருப்பார்.
ரத்தத்தைவிட அந்த ஏட்டில்தான் சர்க்கரை அதிகம்.

இப்படி ஒரு நோட்டு வந்தால் என்ன செய்வது?
பாடநூலில் ஒரு பக்கம் இருக்கிறது.
நானே எழுதியது.
தலைப்பு நன்றாக இருக்கும்.

எனக்கும் ஒரு நீல மை உண்டு.
எண்பத்தாறில், இரவுப் பணி, ஏழாம் வார்டு.
மூன்று மணிக்கு எடுக்காத நாடித்துடிப்பை
ஐந்து மணிக்கு எழுதினேன்: எழுபத்திரண்டு.
அந்த அம்மாள் குணமாகி வீட்டுக்குப் போனார்.
எண் மட்டும் எனக்குள் படுத்திருக்கிறது,
இன்னும் டிஸ்சார்ஜ் ஆகாமல்.

ஆகவே ஆர்மாஸிடம் சொன்னேன்:
"நல்ல பேனா."
காது மடல் வரை சிவந்தார்.
அடுத்த காலை நீட்டச் சொன்னேன்.

என் மாணவர்கள் ஆரஞ்சுப் பழத்தில்
ஊசி போட்டுப் பழகுகிறார்கள்.
ஆரஞ்சு பொய் சொல்லாது.
அதனால்தான் அது சுலபம்.

மார்ச்சில் மறுபடி வந்தார்.
நோட்டில் பென்சில், சிவப்பு,
ஒரு பக்கத்தில் மை தீர்ந்துபோய்
அழுத்திய தடம் மட்டும்.
ஒரு காபி வட்டம். காய்ந்த துளி ரத்தம்.
இரண்டு நாள் வெற்றிடம்: "ஏரியில், தூண்டிலோடு."
பிப்ரவரி நடுவில் ஓர் இரவு, 17.4.
பக்கத்தில்: "கிரீம் பன். இரண்டு."
இரண்டை அடித்து, மூன்று.

இத்தனை வருடத்தில்
இவ்வளவு நல்ல எண்ணை நான் பார்த்ததில்லை.
சரி, மோசமான எண்தான்.
அதிலிருந்து தொடங்கினோம்.
மாத்திரை, ஊசி, பன் அரையாகுமா என்ற பேரம்.

போகும் முன் காலுறை.
நைலான் இழை.
"தெரிகிறதா?"
கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார், வெகுநேரம்.
"இல்லை" என்றார்.

தொட்டுக்கொண்டுதான் இருந்தேன்.