பதின்மூன்றே கால்

ஹோவிக்கில் அருவிக்குப் போகும் சாலையில்
டயர் கடைக்குப் பின்னால் ஹென்னி ஃபூரீயின் பட்டறை.
பெயர்ப்பலகை இல்லை. நாய் உண்டு.
"கணவர் காரில் இருக்கிறாரா?"
"பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் யாருக்கோ
பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்.
துப்பாக்கி எனக்கு."
மன்னிப்புக் கேட்கவில்லை அவர்.
காப்பி போட்டார்.

பிறகு அளவு.
முழங்கையை மடக்கச் சொல்லி
மடிப்பிலிருந்து விசைவிரல் வரை நாடா பிடித்தார்.
கழுத்து. கன்ன எலும்பு. தோளின் பள்ளம்.
எனக்கு ரவிக்கை தைக்கும் சாட்ஸ்வொர்த் தனபாக்கியம்
இவ்வளவு யோசித்ததில்லை.
அவள் எப்போதும் ஒரு விரல் தளர்த்தியே வெட்டுவாள்:
"நாளைக்கு வேணும்க்கா."
இவர் தளர்த்தவில்லை.
பதின்மூன்றே கால் அங்குலம் என்று
சுவரில் பென்சிலால் எழுதினார்,
அங்கே ஏற்கெனவே நின்றிருந்த
பதினாலரைகளுக்கும் பதினைந்துகளுக்கும் கீழே.

"எந்தக் கை?"
"இடது."
பென்சில் நின்றது.
பழைய மௌசரில் கிடைக்காது,
போல்ட்டை இந்தப் பக்கம் வைத்துப் புதிதாய்க் கடைய வேண்டும்,
விலையில் மூன்றில் ஒரு பங்கு ஏறும் என்றார்.

விபூதிக்கு நீட்டி அடிவாங்கிய கை இது.
எக்ஸ்ரே அறையில் முப்பத்தொரு வருடம்
பிறர் தோள்களை மெல்லத் திருப்பிவைத்த கை.
இரவல் துப்பாக்கிகளில்
இது குழலைத் தாண்டிப் போய்
போல்ட்டை இழுத்துத் திரும்புவதற்குள்
மான் மேட்டைத் தாண்டிவிடும்.
ஏறட்டும் என்றேன்.

துருக்கியிலிருந்து வந்த வால்நட் பலகைகள் மூன்று.
ஈரத்துணியால் துடைத்ததும்
ஒன்றில் புகை எழுந்தது, ஒன்றில் ஆறு ஓடியது.
மூன்றாவதில் சும்மா மரம்.
ஆற்றைத் தொட்டேன்.
"அது மணிக்கட்டில் உடையும்" என்றார்.
கட்டை ஒடுங்கிக் கைக்குள் வரும் இடத்துக்கு
அவர்கள் தொழிலில் அதுதான் பெயராம்.
மணிக்கட்டு முறிவுகள் எனக்குத் தெரியும்.
ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன்,
விளக்குப் பலகையில், கறுப்பு வெள்ளையில்.
மூன்றாவதை எடுத்துக்கொண்டோம்.

அடித்தகட்டில் என்ன செதுக்க?
எருமையா, யானையா?
எல்லாரும் ஏதாவது கேட்பார்களாம்.
நான் இம்பாலா சுடுகிறவள்.
வருடத்துக்கு இரண்டு, கறிக்காக.
சந்திக்காத எருமையை
எதற்கு வயிற்றில் சுமக்க வேண்டும்?
வெறுமையாய் இருக்கட்டும் என்றதில்
செதுக்குபவருக்குத்தான் வருத்தம்.

லைசென்ஸுக்கு ஏழு மாதம்.
"வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே அம்மா?"
"அது அவருடையது, சார்ஜன்ட் ம்கீசே. வலது கைக்கானது."
அவரும் இடது கையால்தான் எழுதிக்கொண்டிருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
முத்திரையை மட்டும் சற்று ஓங்கிக் குத்தினார்.

ஹென்னி கூப்பிட்டது புரட்டாசி முதல் தேதி காலை.
போய் நின்றேன்.
"கண்ணை மூடு. தூக்கு. கன்னத்தை வை.
இப்போது திற."
திறந்தேன்.
தேடவே இல்லை.
பின்காட்டியின் பள்ளத்தில்
முன்மணி உட்கார்ந்திருந்தது,
எனக்கு முன்பே வந்து
நாற்காலி போட்டுக் காத்திருந்தது போல.
"சரியா?" என்றார்.
பேச வரவில்லை. கன்னத்தையும் எடுக்கவில்லை.
கடைசியில் அவர்தான்
நாய்க்குத் தண்ணீர் வைக்க எழுந்து போனார்.

வீட்டில் இப்போது முட்டைகூடக் கிடையாது.
கறிச்சட்டிகள் எல்லாம்
தேய்த்துக் கவிழ்த்து கராஜுக்குப் போயாயிற்று.
வேட்டைப் பருவமும் ஆகஸ்டோடு முடிந்தது;
இனி மே மாதம்.
தயாளன் சிரிக்கிறார்:
"இவ்வளவு பணம் கொடுத்து
ஒரு விரதம் வாங்கியிருக்கிறாய்."

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு
சாம்பிராணி வாசம் போகாத கையோடு
கராஜில் இரும்புப் பெட்டியைத் திறக்கிறேன்.
காலிதானா என்று ஒருமுறை பார்க்கிறேன்,
விரல் விட்டு இன்னொரு முறை.
கண்ணை மூடித் தூக்குகிறேன்.
திறந்தால்
அலமாரியில் பிரியாணிச் சட்டி,
அதன் மூடியின் குமிழ்மேல்
அசையாமல் முன்மணி.