தலைகீழாய் ஒரு கத்தரிக்கோல்

மொராவியாவில், மூன்று சாலைகள் பிரியும் இடத்தில்
என் இடுப்பை எட்டாத ஒரு கல் சிலுவை.
ஒரு கை முறிந்தது.
நெஞ்சில், ஆட்டுரோமம் கத்தரிக்கும் கத்தரிக்கோல்.

யார் யாரைக் கொன்றார்கள் என்பது இல்லை.
எதற்காக என்பதும் இல்லை.
எதைக்கொண்டு என்பது மட்டும் இருக்கிறது.

அந்தக் காலத்துத் தீர்ப்பு அப்படி:
தேவாலயத்துக்கு மெழுகு,
செத்தவன் வீட்டுக்கு இத்தனை வெள்ளி,
இரு தரப்பும் உட்கார்ந்து குடிக்க ஒரு பீப்பாய் பீர்,
அப்புறம், கொன்ற கையாலேயே கொத்திய சிலுவை.

இப்போது அதற்கு வேறு வேலை.
பேருந்து நிறுத்தத்தின் பெயரே ‘கத்தரிக்கோல்’.
போகுமிலா சைக்கிளை அதில்தான் சாய்ப்பாள்.
பனி மூடிய காலையில் அது தெரிந்தால்
சாலையும் இருக்கிறது என்று அர்த்தம்.
எல்லைத் தகராறில் வெந்தெலீன்
அளவுநாடாவை அங்கிருந்து இழுப்பான்,
ஒட்மாரும் அங்கிருந்துதான்.
இரண்டு கணக்கும் ஒத்துப்போனதில்லை.
அவர்கள் பேசிப் பதினோரு வருடம்.

நான் சாலைத் துறை.
சிலுவை இரண்டு மீட்டர் தள்ளிப் போகவேண்டும்,
ஆணை என் சட்டைப்பையில்.

அக்டோபர். தூறல்.
பட்டை கட்டித் தூக்கினோம்.
வெளியே இருந்த அளவுக்கு உள்ளேயும் கல்,
கடைவாய்ப்பல் மாதிரி அடம்பிடித்து வந்தது.
சேற்றைக் கழுவினேன்.
அடியில், தலைகீழாய், இன்னொரு கத்தரிக்கோல்.

ஒரு அலகு நீளம், ஒன்று கட்டை.
உளி வழுக்கி ஓடிய கீறல்
கல்லின் விளிம்புவரை.
கல்தச்சன் இல்லையே அவன்.
முதலில் கெடுத்திருக்கிறான்.
வேறு கல்லுக்கு வக்கில்லை.
புரட்டிப் போட்டு மறுமுனையில் தொடங்கியிருக்கிறான்.
ஒருமுறை செய்ததை
இரண்டுமுறை வரைய வேண்டியிருந்தது அவனுக்கு.

தங்கள் அளவு நகர்கிறதா என்று பார்க்க
இருவருமே வந்திருந்தார்கள்,
குழிக்கு அந்தப்பக்கம் ஒருவன், இந்தப்பக்கம் ஒருவன்.
ஒட்மார் தொப்பியைக் கழற்றினான்,
மழை என்பதால் மறுபடி போட்டுக்கொண்டான்.

படிவத்தில் எழுதினேன்:
உயரம், தரைக்கு மேல், எண்பத்தொன்பது சென்டிமீட்டர்.
பிற குறிப்புகள்: இல்லை.
கெட்டது கீழே போகும்படியே
புதுக்குழியில் இறக்கி மண்ணை மிதித்தோம்.

“இனிமேல் எங்கிருந்து அளப்பது?”
என்றான் வெந்தெலீன்.
என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

பதில் வருவதற்குள் பேருந்து வந்துவிட்டது,
பழக்கத்தில்
பழைய குழியருகே போய் நின்றது.