ஒன்பது நிமிடம்

இனுவிக்கில் சூரியன் லீவில் போய்ப் பதினோரு நாள்.
மைனஸ் முப்பத்தெட்டு.
அன்டெனாத் தட்டின் விளிம்பில் ஓர் அண்டங்காக்கை.
உறைந்துவிட்டதோ என்று பார்த்தால்
ஒரு கண்ணை மட்டும் திறந்து மூடுகிறது.

இரவுப் பணியில் நான் ஒருத்தி.
கப்பலில் நான்கு பேர்.
அதன் இங்கிலீசுப் பெயருக்கு எங்கள் கடற்கரையில் ஆலா என்போம்,
ஆலா என்றே நான் அதைக் கூப்பிடுவது.
செவ்வாய்க்கும் அப்பாலிருந்து அவர்கள் பேசினால்
ஒன்பது நிமிடம் கழித்து என் காதில் விழும்.
நான் ‘ம்’ என்றால் அதற்கும் ஒன்பது.

முதலில் வந்தது குரல் அல்ல.
தேநீரைத் தூக்கிய கை
அதைத் திரும்ப வைக்க மறந்தது.
அடிவயிற்றில் கிலி.
அறையில் ஒரு எலிகூட இல்லை.
கதவைப் பார்த்தேன், பூட்டியிருந்தது.
பூட்டியிருப்பதே பயமாயிருந்தது.

ஒன்பது நிமிடத்தின் பின்
கப்டன் ஒடீல் கார்னோவின் குரல்:
“வெளியே ஏதோ நிற்கிறது. உருவம் இல்லை.
எங்களை அதற்குத் தெரிந்திருக்கிறது.”

வானொலி ஒளியின் வேகத்தில் வரும்.
பயத்துக்கு அந்தச் சட்டம் இல்லை.

அவை கட்டளை இடுவதில்லை,
ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைக்கின்றன.
வாசில் ஹ்ரின்சுக்குக்கு
சஸ்காச்சுவானின் கோதுமைக் குதிருக்குள்
புதைந்துகொண்டிருக்கும் தம்பியின் ஒற்றைக் கை.
டொக்டர் பர்ஸானேக்கு
தெஹ்ரானில் யாருமே எடுக்காத தொலைபேசி.
டெல்மாவுக்கு ஸ்கிடூவின் கீழே
ஆற்றுப் பனி விரிசல் விடும் சின்னச் சத்தம்.
ஒடீலுக்கு, தன் பெயர் தனக்கே மறந்துபோன ஒரு காலை.
பிறகு ஒரே ஒரு வழியைத் திறந்து வைக்கின்றன:
இது போகவேண்டுமா,
வெளிக்கதவின் நெம்புகோலை இழு.
யாரும் தள்ளவில்லை.
அவரவர் கால் அவரவரை நடத்திப் போயிற்று.

எனக்கும் ஒன்று தைத்தன. பழைய துணிதான்.
மாத்தளன். ஏழு வயது. பதுங்குகுழி.
அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு:
தூரத்தில் குத்துகிற சத்தம் கேட்டால்
ஷெல் கிளம்பிவிட்டது,
விழும்வரை எண்ணவேண்டும்.
எண்ண முடிகிறதென்றால் இன்னும் இருக்கிறோம்.
முப்பதைத் தாண்டினால்
அது வேறு யாருக்கோ.
அந்த ‘வேறு யாருக்கோ’வில்
நான் விட்ட நிம்மதிப் பெருமூச்சை
இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.
அதுவும் அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

மைக்கைத் தொடவில்லை.
நெம்புகோலுக்கு முன்னால்
ஒன்பது நிமிடம் யாரிடம் இருக்கிறது?
பயம் வந்த வழியிலேயே திருப்பி அனுப்பினேன்.
தைரியத்தை அல்ல, அது என் கையிருப்பில் இல்லை.
எண்களை.

ஒண்டு.
ரெண்டு.
மூண்டு.

எண்பதில் காக்கை எழுந்து பறந்தது.
இருநூற்றில் தொண்டை கட்டியது.
நானூறு எப்போது போனதென்று தெரியாது.
ஐந்நூற்று நாற்பதில் வானொலி இரைந்து
கியூபெக் நாக்கில் ஒடீல் சொன்னாள்:
“ஒண்டு. ரெண்டு. மூண்டு.”

அவளுக்குத் தமிழ் தெரியாது.
பின்னால் மூன்று குரல்கள், சுருதி சேராமல்,
வாசில் எப்போதும் அரை எண் பிந்தி.
என் ஊர் ஒண்டு, என் ஊர் மூண்டு.
நெம்புகோலின் சத்தம் மட்டும் இல்லை.

நான் நிறுத்தவில்லை.
எழுநூற்றுப் பன்னிரண்டில்
சட்டென்று அடிவயிறு காலியானது.
யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி
பயம் நின்றுவிட்டது.
வெறும் அறை. ஆறிய தேநீர்.
ஜன்னலுக்கு வெளியே வெந்நீர்க் குழாய்கள்
ஊருக்குள் நடந்து போகின்றன.

அவை விலகிப் போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.
பயப்பட அங்கே ஆளே இல்லாவிட்டாலும்
இப்படித்தான் இருக்கும்.

ஒலிபெருக்கியில் அவர்கள் இப்போதுதான்
நூற்று எழுபத்திரண்டுக்கு வந்திருக்கிறார்கள்.
நாற்காலியை இழுத்துக் கிட்டப் போட்டேன்.
எழுநூற்றுப் பன்னிரண்டு வரை
அவர்களோடு நடக்கவேண்டும்.

நூற்றெழுபத்து மூண்டு.