மூக்குக் கூலி

மோந்து பார்த்துச் சொல்ல
ஒரு தடவைக்கு ஐம்பது காசு.
மகள் தர்ஷினி வைத்த விலை.
முப்பதில் தொடங்கிப் பேரம் பேசினேன்,
படியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்திய காய்ச்சலில்
என் மூக்கு கடையைச் சாத்தியது,
இன்னும் திறக்கவில்லை.
பெருங்காயத்தைக் கணக்குப் பார்த்துப் போடுகிறேன்.
பால் திரிந்ததா என்று
வீட்டில் யாரையாவது கேட்டுக்கொள்கிறேன்.
செம்பனை ஆலைப் புகை இறங்கும் நாளில்
புக்கிட் ரோத்தானே ஜன்னலைச் சாத்தும்;
நான் மட்டும்
துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன்.

அரைவை மெஷின் கொழுந்தன் கொண்டுவந்தது.
கோலாலம்பூரில் ஏதோ கொண்டோவில்
சமையலறையை உடைத்தபோது
தூக்கி எறிய இருந்ததாம்.
பாத்திரத் தொட்டிக்கு அடியில் படுத்து
அவனே மாட்டினான்.
சுவிட்சைத் தட்டினால்
குலை ஏற்றிய லோரி மேட்டில் கியர் மாற்றும் சத்தம்.
"இனிமே குப்பையே இல்ல அண்ணி."

குப்பை இல்லைதான்.
அது எங்கே போய் உட்கார்ந்தது என்பது
மூன்றாம் வாரம் எல்லாருக்கும் தெரிந்தது,
என்னைத் தவிர.

நான் அதை முகங்களில் பார்த்தேன்.
சோற்றுத் தட்டோடு கணவர்
வாசலுக்கு நகர்ந்தார்.
குவே கொடுக்க வந்த காக் ரொஹானா
கேட்டிலேயே நின்று
வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாள்.
ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.
மரியாதையைப் போட்டு மூடிவைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன்.
சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி
(பத்து விரலும் வேண்டுமே எனக்கு)
டார்ச் அடித்து, இடுக்கி விட்டேன்.
இறால் ஓடு.
முருங்கைக்காய்ச் சக்கை, சடை பின்னினாற்போல.
யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு மைலோ கரண்டி.

பிளக்கை மறுபடி மாட்டி
ஐஸ் கட்டி ஒரு கிண்ணம், கல் உப்பு இரண்டு கை,
பச்சைத்தண்ணீரைத் திறந்து ஓட்டினேன்.
பல் நொறுங்குகிற சத்தம்.
"தர்ஷினி!"
வந்தாள், குனிந்தாள்.
"அப்படியேதான் இருக்கு."
ஐம்பது காசு.

சோடா மாவைக் கொட்டி மேலே காடி ஊற்றினேன்.
பொங்கலன்றுகூட எங்கள் வீட்டில்
இப்படிப் பொங்கியதில்லை.
"இப்ப புளிச்ச நாத்தம்."
ஒரு வெள்ளி.

கஸ்தூரி லீமாவ் தோல், கை நிறைய.
"மேல லீமாவ். கீழ அதேதான்."
ஒன்றரை.

கீழே என்றால் எங்கே?
பிளக்கைத் திரும்பப் பிடுங்கிவிட்டு
விரலால் தடவிக்கொண்டே போனேன்.
வாயில் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது,
பூ மாதிரி இதழ் இதழாய் வெட்டுப்பட்டது.
செம்பனை வருமுன்னே
இந்தப் பக்கத்தில் எடுத்த கித்தாவோ என்னவோ,
ஊரெல்லாம் சுற்றிவிட்டு
என் தொட்டிக்கே வந்து சேர்ந்திருக்கிறது.
மேல்பக்கம் வழுவழுப்பு.
அடிப்பக்கம் வேறு மாதிரி வழுவழுப்பு.

பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து
ஒவ்வோர் இதழாய் மடக்கிப் பிடித்து
அடியில் தேய்த்தேன்.
கறுப்பாய்க் கூழ் கூழாய் வந்தது,
முழங்கை வரைக்கும் வழிந்தது,
குமட்டவில்லை.
இந்த வேலைக்கு இந்த வீட்டில்
என்னைவிட்டால் ஆளில்லை என்று
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"தர்ஷினி."
இந்த முறை ரொம்ப நேரம் குனிந்திருந்தாள்.
"போச்சு."
"என்ன வாசம் வருது?"
"ஒண்ணுமே இல்லம்மா."

ஒன்றுமே இல்லை.
அந்த வாசம் எனக்குத் தெரியும்.
இரண்டு வருஷமாய் அதில்தான் குடியிருக்கிறேன்.
அவள் தலையோடு தலை ஒட்டி
நானும் தொட்டிக்குள் குனிந்தேன்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
அதையே மோந்துகொண்டிருந்தோம்.

நிமிர்ந்ததும் கையை நீட்டினாள்,
ரெண்டு வெள்ளி.
சில்லறை இல்லை என்றேன்.
கடன் என்று எழுதி
ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கிறாள்.
அதற்குக் கீழே கணவரின் கையெழுத்து:
கொஞ்ச நாளைக்கு
இறால் வேண்டாம்.