நான்காம் குவியல்

புகுரு சுமந்து வந்தது முப்பத்தொரு கிலோ.
தராசு முள் முப்பதரையில் நின்று நடுங்கியது.
"ஈரம்" என்றார் மெல்கியோர்,
எழுதும்போது முப்பது என்று எழுதினார்.
அவள் வாயே திறக்கவில்லை.
கூடையைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினாள்.
பின்னலில் ஒட்டியிருந்த ஒற்றைப் பழம் உதிர்ந்தது.
அதையும் எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனாள்.

மிதக்கும் பழங்களை அரிப்பில் அள்ளி
ஓரத்தில் கொட்டுவது என் வேலை.
அடியில் கிடப்பது நல்லது, அவ்வளவுதான் கணக்கு.
அது பொய்க்கணக்கு என்று
இந்த ஏப்ரலில்தான் தெரிந்தது.

இரவு எட்டு மணிக்கு எந்திரம் உறுமத் தொடங்கும்.
தோல் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம்.
வழவழப்போடு விடியும்வரை புளிக்கும்.
கம்பை ஊன்றி உருவுவேன்.
குழி மூடாமல் நின்றால்
வாய்க்காலைத் திறக்கலாம்.
குளிர்ந்த நீரில் முழங்கால்வரை இறங்கி
மிதித்து மிதித்துக் கழுவுவோம்.
கூழாங்கல்போல் கரகரத்தால் போதும்,
கண் தேவையில்லை, கால் சொல்லிவிடும்.

கடிதம் வந்தது ஒரு வியாழக்கிழமை.
போன வருஷத்து நான்காம் குவியல்,
நாற்பத்தாறு மூட்டை.
ஐந்து கோப்பைக்கு ஒன்றில்
பச்சை உருளைக்கிழங்கு வாசனையாம்.
விலையில் பாதிதான் தருவார்களாம்.
மேசைகளைச் சுற்றி நின்ற பெண்கள்
முதலில் சிரித்துவிட்டார்கள்.

ஏதோ ஒரு பூச்சி,
ஊசிமுனை அளவு கடி.
வறுத்து அரைத்தால்தான் வெளிவருமாம்.
அதற்குமுன் அது
மற்றக் கொட்டைகளைப் போலவே
நல்ல பிள்ளையாக இருக்குமாம்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.
கயான்சா சாலைக்குப் போகாமல்
ரெனில்டின் வீட்டில் ஒதுங்கினேன்.
அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து
கிழங்கின் தோலைச் சீவினாள்.
முதல் சீவலிலேயே கத்தி நின்றது.
வெட்டிய முகத்தை என் மூக்கருகே நீட்டி,
"இதுவா?"
"இதுதான்."
"இதற்கா?"

பதில் என்னிடம் இல்லை.
மண்ணும் மழையும் கலந்த மாதிரி,
வயிற்றைத் தட்டி எழுப்பும் வாசனை.
மொச்சையோடு போட்டு வேகவைத்தாள்.
அவள் பையன்கள் மூவரும்
சட்டியைச் சுற்றி முட்டிக்கொண்டார்கள்.
கடைக்குட்டி அடியைச் சுரண்டினான்.

காலையில் மேசைமேல் வெயில் படுமுன்
ஈரக் கொட்டையைப் பரப்பினோம்.
ரெனில்ட் குழாயடியில் கை கழுவினாள்,
மோந்து பார்த்தாள்,
மறுபடி கழுவினாள்.
"போகவில்லை" என்றாள்.

அந்தக் கையாலேயே
பொறுக்கத் தொடங்கினாள்.